கடலடிக்கும் பருவமழை உண்டு

1968 அக்டோபர் 16 அன்று, அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால், ஆல்வின் என்ற சிறிய ஆய்வு நீர்மூழ்கியைத் தாய்க்கப்பலிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோது அதைத் தாங்கிய கம்பிவடங்கள் அறுந்தன. உள்ளே இருந்த மூவரும் தப்பி வெளியேறிவிட்டார்கள். மூடி திறந்தபடியே நீர்மூழ்கி 1,500 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் போய் அமர்ந்தது. அவர்கள் மதியத்துக்கென்று எடுத்துவைத்திருந்த சாப்பாடும் அதோடு போனது: இறைச்சி வைத்த சாண்ட்விச், ஆப்பிள், ஒரு குடுவையில் சூப். பத்து மாதங்களுக்குப் பிறகு, 1969இல் நீர்மூழ்கியைத் தூக்கியபோது ரொட்டி ஊறிப்போயிருந்ததே தவிர அழுகியிருக்கவில்லை. ஆப்பிள் கெடவில்லை. சூப்பும் குடிக்கக்கூடிய நிலையில் இருந்தது. அதே சாப்பாட்டைக் கரைக்குக் கொண்டுவந்து, கடலடியின் குளிருக்குச் சமமான 3 டிகிரியில் குளிர்பதனப் பெட்டியில் வைத்தார்கள். சில வாரங்களில் கெட்டுப்போயிற்று.

குளிர் மட்டும் காரணமில்லை என்பது இதில் தெளிவாயிற்று. உட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தின் நுண்ணுயிரியலாளர் ஹோல்கர் யானஷ் இதைத் தற்செயல் என்று தள்ளிவிடவில்லை. கரிமப் பொருள்களைக் குப்பிகளில் அடைத்து ஆழத்துக்கு அனுப்பி, மாதக்கணக்கில் விட்டுவைத்து எடுத்துப் பார்த்தார். அதே குளிரில் மேலே ஆய்வகத்தில் சிதைவதைவிட ஆழத்தில் சிதைவு 10 முதல் 100 மடங்கு மெதுவாக நடந்தது. அவரும் சகாக்களும் 1971இல் வெளியிட்ட இந்த முடிவு ஒரு பெரிய கேள்வியை எழுப்பியது. மேலிருந்து போகும் உணவு கீழே இவ்வளவு மெதுவாகத்தான் அழுகும் என்றால், கோடிக்கணக்கான ஆண்டுகளாக மேற்பரப்பிலிருந்து விழுந்துகொண்டிருப்பதெல்லாம் எங்கே போனது? ஆழ்கடலின் தரை முழுக்கத் தின்னப்படாத உணவு அடுக்கடுக்காகக் கிடக்க வேண்டுமே. அப்படிக் கிடக்கவில்லை. யாரோ தின்கிறார்கள்.

அந்த யாரோவைத் தேடிய அரை நூற்றாண்டு உழைப்பில், ஆழ்கடல் தனி உலகம் என்ற பழைய எண்ணம் மெல்ல மெல்லக் கரைந்திருக்கிறது. கீழே இருக்கும் நுண்ணுயிர்களின் உணவும், அவற்றின் மூச்சுக்கான ஆக்சிஜனும், அவற்றின் காலண்டரும், ஓரளவுக்கு அவற்றின் குடிவழியும்கூட மேலிருந்து வருகின்றன. அவை திருப்பித் தருவதை வைத்துத்தான் மேற்பரப்பும் பிழைக்கிறது.

முதலில் உணவைப் பார்ப்போம். கடலுக்குள் வெயில் புகுவது அதிகம் போனால் 200 மீட்டர். கடலின் சராசரி ஆழமோ 3,700 மீட்டர். ஒளி விழும் அந்த மெல்லிய மேலடுக்கில், கண்ணுக்குத் தெரியாத மிதவைத் தாவரங்கள் ஆண்டுக்குச் சுமார் 5,000 கோடி டன் கார்பனை உடம்பாக மாற்றுகின்றன. நிலத்தின் காடும் வயலும் புல்வெளியும் சேர்ந்து செய்வதற்கு ஏறக்குறைய ஈடான அளவு இது. இதில் பெரும்பகுதியை மேலேயே மற்ற உயிர்கள் தின்று, சுவாசித்து, மறுபடி கரியமில வாயுவாக்கிவிடுகின்றன. செத்த டயாட்டம்கள் (சிலிக்கா ஓடுள்ள மிதவைத் தாவரங்கள்), சிறு ஓட்டுடலிகளின் எச்சம், சளி போன்ற பசைப்பொருள், உதிர்ந்த ஓடுகள் ஆகியவை ஒன்றோடொன்று ஒட்டித் துணுக்குகளாகி இறங்குவதுதான் மீதி. அதைக் கடல்பனி என்கிறார்கள். நாளுக்குச் சில மீட்டர் இறங்குபவையும் உண்டு, சில நூறு மீட்டர் இறங்குபவையும் உண்டு. நாளுக்கு 100 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 4,000 மீட்டர் ஆழத்தைத் தொட நாற்பது நாள் ஆகும்.

அந்த நாற்பது நாளும் தின்னும் நாள்கள்தான். அமெரிக்கக் கடலியலாளர் ஜான் மார்ட்டின் 1987இல் பசிபிக் அளவீடுகளை வைத்து ஒரு சூத்திரம் கண்டார். அதன்படி, 100 மீட்டர் ஆழத்தைக் கடந்து இறங்கும் கார்பனில் நூற்றுக்குப் பதினான்கு பங்குதான் 1,000 மீட்டரை எட்டும். 4,000 மீட்டரில் நான்கு பங்கு மிஞ்சும். மேலே விளைந்ததோடு ஒப்பிட்டால் கடல்தரைக்கு வந்துசேர்வது ஏறத்தாழ ஒரு சதவீதம். துணுக்கின் மேல் குடியேறும் பாக்டீரியாக்கள் நொதிகளைச் சுரந்து அதைக் கரைக்கின்றன. தங்களுக்குத் தேவையானதைவிட அதிகமாகவே கரைத்துவிடுகின்றன என்பது லாகூரில் பிறந்து கலிஃபோர்னியாவின் ஸ்க்ரிப்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஃபரூக் அசாமும் அவர் குழுவினரும் 1992இல் காட்டிய செய்தி. அதனால் இறங்கும் ஒவ்வொரு துணுக்குக்குப் பின்னாலும் கரைந்த உணவு கண்ணுக்குத் தெரியாத வாலாக நீள்கிறது. தனியாக நீந்தும் நுண்ணுயிர்களுக்கு அதுதான் சாப்பாடு. எதனாலும் எளிதில் தின்ன முடியாத மிச்சம் நீரில் கரைந்தே தங்கிவிடுகிறது. ஆழ்கடல் நீரிலுள்ள இந்தக் கரைந்த கார்பனின் சராசரி வயது 4,000 முதல் 6,000 ஆண்டுகள்.

மேலே நடப்பது கீழே எவ்வளவு நேராகப் போய்ச் சேர்கிறது என்பதற்கு நம் அருகிலிருக்கும் கடல்களைப் போன்ற சாட்சி வேறில்லை. 1986இல் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து அரபிக் கடலின் மேற்கு, நடு, கிழக்குப் பகுதிகளில் வண்டல் பொறிகளை இறக்கின. வண்டல் பொறி என்பது நங்கூரமிட்ட வடத்தில் நடுக்கடல் ஆழத்தில் நிற்கும் பெரிய புனல். அதன் அடியில் வரிசையாகக் குப்பிகள் இருக்கும். குறித்த நாளில் ஒரு குப்பி மூடிக்கொள்ள, அடுத்தது வாய் திறக்கும். ஓராண்டு கழித்து மேலே எடுத்தால் எந்த வாரம் எவ்வளவு விழுந்தது என்ற கணக்கு கைக்கு வந்துவிடும்.

அந்தக் கணக்கு 1989இல் வெளியானது. ஆண்டு முழுக்க ஒரே சீராகத் தூறும் என்று எண்ணியிருந்த ஆழத்தில் இரண்டு பெருமழைக் காலங்கள் தெரிந்தன. தென்மேற்குப் பருவக்காற்று சோமாலியா, ஓமன் கரைகளை ஒட்டிப் பலமாக வீசும்போது அடியிலுள்ள குளிர்ந்த சத்து நீர் மேலெழுகிறது. மிதவைத் தாவரங்கள் பெருகுகின்றன. சில வாரங்களுக்குள் பல ஆயிரம் மீட்டர் ஆழத்துக் குப்பிகள் நிறைகின்றன. வடகிழக்குப் பருவத்தில் நிலத்திலிருந்து வரும் உலர்ந்த குளிர்காற்று மேல்நீரைக் குளிர்வித்துக் கலக்குகிறது; இரண்டாவது முறை விளைச்சல், இரண்டாவது முறை பொழிவு. இடைப்பட்ட மாதங்களில் வறட்சி. வெயிலோ காற்றோ எட்டாத அந்த இருட்டுக்கும் ஆடி ஆவணி உண்டு, மார்கழி தை உண்டு. எனக்கு இந்த ஆய்வின்மேல் தனி மதிப்பு இருக்கிறது. நம் நாட்டு விஞ்ஞானிகள் நம் பருவக்காற்றை வைத்து உலகக் கடலியலுக்குத் தந்த பெரிய கொடைகளில் இது ஒன்று. நம் பாடப்புத்தகங்களில் இதற்கு ஒரு பத்தியாவது இருக்க வேண்டும்.

வங்காள விரிகுடாவின் கதை வேறு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி எல்லாம் கொட்டும் நன்னீர் உப்புநீரின் மேல் கனமற்ற மூடியாகப் படர்ந்துவிடுகிறது. அடியிலுள்ள சத்து அந்த மூடியைத் தாண்டி மேலே வருவது கடினம். ஆகவே மேற்பரப்பு விளைச்சல் அரபிக் கடலைவிடக் குறைவு. அப்படியானால் கீழே விழுவதும் குறைவாக இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். 1987 முதல் இங்கு வைத்த பொறிகளில் ஆழத்துக்கு வந்த கார்பன் அரபிக் கடலுக்குச் சற்றொப்ப இணையாக இருந்தது. இதற்கு ஆய்வாளர் வேணுகோபாலன் இட்டெக்கோட் தந்த விளக்கம் இன்றும் நிற்கிறது. ஆறுகள் கொண்டுவரும் இமயமலைக் களிமண் கடல்பனித் துணுக்குகளில் ஒட்டி அவற்றைக் கனமாக்குகிறது. கனத்த துணுக்கு வேகமாக இறங்குகிறது, வழியில் தின்னப்பட நேரம் குறைவு. மலையில் அரிக்கும் மண் எவ்வளவு, அணையில் நிற்கும் வண்டல் எவ்வளவு என்பதெல்லாம் வங்கக் கடலின் அடியில் வாழும் பாக்டீரியாவின் தட்டில் போய் விழுகிற விஷயங்கள்.

இதே கடலின் நடு ஆழத்தில், சில நூறு மீட்டர் கீழே, ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லாத நீரடுக்கு ஒன்று இருக்கிறது. விழும் உணவைத் தின்னும் நுண்ணுயிர்கள் சுவாசித்தே அந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டன. அரபிக் கடலில் இப்படிப்பட்ட அடுக்கில் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் கடலிலிருந்தே வெளியேற்றுகின்றன. வங்கக் கடலில் அந்த வேலை ஏறக்குறைய நடக்கவில்லை. அதைச் செய்யக்கூடிய நுண்ணுயிர்கள் அங்கே இருக்கின்றன என்பதையும், சாதாரணக் கருவிகளுக்கு அகப்படாத அளவு எஞ்சியிருக்கும் துளி ஆக்சிஜன் அவற்றைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது என்பதையும் 2017இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு காட்டியது. மேலே விளைச்சல் இன்னும் கொஞ்சம் கூடினால், விழும் உணவு கூடும், அந்தத் துளி ஆக்சிஜனும் தீரும். வயல்களிலிருந்து ஓடிவரும் யூரியாவும் நகரங்களின் கழிவுநீரும் இந்த எல்லைக்கோட்டின் மேல்தான் போய் விழுகின்றன. இது எனக்குக் கவலை தருகிறது.

பருவக்காற்று வீசாத இடத்திலும் ஆழத்துக்குக் காலண்டர் உண்டு. ஹவாயின் ஓவாஹு தீவுக்கு வடக்கே 100 கிலோமீட்டரில் அலோஹா என்ற ஆய்வு நிலையம் இருக்கிறது. 1988 முதல் விடாமல் அளக்கிறார்கள். சத்துக் குறைந்த, தெளிந்த நீலக் கடல் அது. அங்கே ஆண்டுதோறும் ஜூலை நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை, 4,000 மீட்டர் ஆழத்துப் பொறிகளில் குளிர்காலத்தைப்போல் மூன்று மடங்கு கார்பன் வந்து விழுகிறது. தம் உடலுக்குள்ளேயே நைட்ரஜனைப் பிடிக்கும் பாக்டீரியாக்களை வைத்திருக்கும் டயாட்டம்கள் அதற்குக் காரணம். பகல்பொழுதின் நீளமே அவற்றுக்குச் சமிக்ஞையாக இருக்கலாம் என்று டேவிட் கார்லும் சகாக்களும் 2012இல் எழுதினார்கள்.

சரி, தின்பது யார்? ஆல்வின் சாப்பாடு கெடாமல் கிடந்ததற்குக் காரணம் அழுத்தம். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் வீதம், 4,000 மீட்டரில் 400 வளிமண்டல அழுத்தம் எல்லாத் திசையிலிருந்தும் நெருக்குகிறது. ரொட்டியோடு போன மேலுலக பாக்டீரியாக்களால் அங்கே வேலை செய்ய முடியவில்லை. ஆனால் அழுத்தத்துக்காகவே பிறந்தவையும் உண்டு. ஆய்வாளர் ஆர்ட் யாயனோஸ் 1981இல் மரியானா அகழியின் 10,476 மீட்டர் ஆழத்திலிருந்து வந்த ஒரு சிறு ஓட்டுடலியில் கண்டெடுத்த பாக்டீரியா, கடல்மட்ட அழுத்தத்தில் வளரவே மறுத்தது. ஏறக்குறைய 700 வளிமண்டலத்தில்தான் அது நன்றாகப் பெருகியது.

ஆக இரண்டு சாத்தியங்கள். துணுக்கில் ஏறி மேலிருந்து வரும் பயணிகளே கீழேயும் குடியேறுகின்றன. அல்லது கீழே காத்திருக்கும் நிலைக்குடிகள் துணுக்கைக் கைப்பற்றுகின்றன. இரண்டுக்கும் வலுவான சான்று வந்திருக்கிறது.

முதலாவது, 2010இல் ஸ்பெயினிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றிய மலஸ்பினா பயணத்தில் கிடைத்தது. எட்டு இடங்களில், மேற்பரப்பு முதல் 4,000 மீட்டர் வரை நீரெடுத்து, ஐந்து அளவுகளாக வடிகட்டிப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சிக்கிய நுண்ணுயிர்களின் மரபணுவைப் படித்தார்கள். மிரேயா மெஸ்த்ரேயும் குழுவினரும் 2018இல் வெளியிட்ட முடிவு: ஆழத்தில் மிகுதியாக இருக்கும் நுண்ணுயிர்கள் மேற்பரப்பிலும் இருக்கின்றன, பெரிய துணுக்குகளில் மேலுக்கும் கீழுக்கும் ஒற்றுமை மிக அதிகம், தனியாக நீந்துபவற்றில் அந்த ஒற்றுமை குறைவு. அதாவது எந்தக் கடலின் அடியில் யார் வாழ்வது என்பது பெருமளவு அதன் மேற்பரப்பிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

இரண்டாவது, அலோஹாவிலிருந்து வந்தது. 2019இல் எட்வர்ட் டிலாங் குழுவினர் அங்கே 4,000 மீட்டரில் பொறிக்குள் விழுந்த துணுக்குகளைப் படித்தபோது, அவற்றில் கோலோச்சிய பாக்டீரியாக்கள் மோரிட்டெல்லா, கால்வெல்லியா போன்ற அழுத்தம் விரும்பும் ஆழ்கடல் இனங்களாக இருந்தன. மேற்பரப்பில் மலிந்திருப்பவை அங்கே மிகக் குறைவு.

இவை ஒன்றையொன்று பொய்யாக்குவதாக எனக்குத் தோன்றவில்லை. மலஸ்பினா காட்டியது வருகைப் பதிவேடு. யார் எங்கெல்லாம் இருக்கிறார்கள் என்று சொல்கிறது. அலோஹா பொறி காட்டியது பந்தி. யார் தின்று பெருகுகிறார்கள் என்று சொல்கிறது. மேலே அரிதாகக் கிடக்கும் ஓர் இனம் துணுக்கில் ஒட்டி இறங்கி, அழுத்தம் கூடக் கூட மற்றவை ஓய்ந்த பிறகு தலையெடுக்கலாம். மரபணுவின் சிறு பகுதியை மட்டும் படித்தால் ஒரே பெயரில் வரும் இரண்டு வகைகள், அழுத்தத்தைத் தாங்குவதில் வெவ்வேறாகவும் இருக்கலாம். 2022இல் வியன்னா பல்கலைக்கழகத்தின் சீயே அமானோ, கெர்ஹார்ட் ஹெர்ண்டல் குழு, நீரை மேலே கொண்டுவராமல் ஆழத்திலேயே வைத்து நுண்ணுயிர்களின் செயல்பாட்டை அளந்தது. 1,000 முதல் 4,000 மீட்டர் வரையிலான ஆழத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் பல அழுத்தங்களிலும் இயங்கக்கூடியவை. சுமார் 5 சதவீதம் அழுத்தம் விரும்பிகள். சுமார் 10 சதவீதம் அழுத்தத்தால் முடங்கிக் கிடப்பவை. அந்தப் பத்து சதவீதத்தை மேலே கொண்டுவந்தால் நூறு மடங்குக்கு மேல் சுறுசுறுப்பாகின்றன. மேலிருந்து வந்து சிக்கிக்கொண்ட பயணிகள் இவர்களாக இருக்கக்கூடும். நடைமுறையில் இதைவிட முக்கியமானது, ஆழத்தில் நடக்கும் உண்மையான செயல்பாடு, அதே நீரை மேலே எடுத்து அளந்தால் தெரிவதில் மூன்றில் ஒரு பங்குதான் என்பது. பல பத்தாண்டுகளாகக் கப்பல் மேல்தளத்தில் வைத்து அளந்த எண்கள் ஆழ்கடலின் பசியை மிகைப்படுத்திவிட்டன.

கீழே போனது அத்தனையும் நஷ்டக் கணக்கு இல்லை. துணுக்கு சிதையும்போது வெளிவரும் அம்மோனியாவை ஆர்க்கியா என்ற நுண்ணுயிர் வகை நைட்ரைட் ஆக்குகிறது. வேறு பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட் ஆக்குகின்றன. இந்த ஆர்க்கியாக்கள் அலோஹாவில் 1,000 மீட்டருக்குக் கீழே நுண்ணுயிர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்பது 2001இல்தான் தெரிந்தது. அவை தயாரிக்கும் நைட்ரேட்டுடன் அடிநீர் மறுபடி மேலெழும் இடங்களில் கடல் செழிக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் கன்னியாகுமரியிலிருந்து கேரளக் கரை நெடுக அடிநீர் மேலே வரும்போது சாளையும் நெத்திலியும் பெருகுவது அந்த நைட்ரேட்டால்தான். நம் குழம்புச் சட்டியில் கொதிக்கும் சாளையின் உடம்பில் இருளில் வாழ்ந்த நுண்ணுயிரின் உழைப்பு இருக்கிறது.

சூரியனே வேண்டாத உயிர்கள் ஆழத்தில் உண்டே என்று கேட்கலாம். 1977இல் கலாபகோஸ் அருகே 2,500 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் ஊற்றுகளைக் கண்டபோது உலகமே அப்படித்தான் வியந்தது. அங்குள்ள குழாய்ப் புழுக்களுக்கு வாயுமில்லை, குடலுமில்லை. உடலுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடை எரித்து ஊட்டுகின்றன. ஆனால் எரிக்க ஆக்சிஜன் வேண்டும். அந்த ஆக்சிஜன் மேற்பரப்பில் வெயில் பட்டு உண்டாகி, கிரீன்லாந்து, அண்டார்டிகா அருகே குளிர்ந்து மூழ்கிய நீரோடு நூற்றாண்டுக்கணக்கில் பயணம் செய்து வந்தது. ஆக்சிஜனே தேவைப்படாத, ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் கொண்டு மீத்தேன் ஆக்கும் சில நுண்ணுயிர்களுக்கு மட்டுமே சூரியனிடம் கடன் இல்லை.

மேற்பரப்பின் வறுமையும் அடியில் பதிவாகிறது. தென் பசிபிக்கின் நடுப்பகுதியில் மேலே விளைவது மிக அற்பம். பத்து லட்சம் ஆண்டுகளில் ஓரிரண்டு மீட்டர் வண்டல்தான் சேரும். தின்ன எதுவும் இல்லாததால் ஆக்சிஜன் செலவாகாமல் வண்டலின் அடிமட்டம் வரை ஊடுருவியிருக்கிறது. 2010இல் அங்கே துளையிட்டு எடுத்த, 10 கோடி ஆண்டு பழைய களிமண்ணிலிருந்த நுண்ணுயிர்களுக்கு ஜப்பானிய ஆய்வாளர் யூக்கி மொரோனோவின் குழு உணவு கொடுத்துப் பார்த்தது. அவை தின்றன, பெருகின. டைனோசர் காலத்தில் மேலிருந்து வந்த சொற்ப உணவோடு புதைந்துபோனவை அவை.

இத்தனையும் தெரிந்த பிறகு, கடலில் இரும்பைத் தூவிக் கரியமில வாயுவை மூழ்கடிக்கலாம் என்று சொல்லும் திட்டங்களை எப்படிப் பார்ப்பது? தென்கடலில் 2004இல் நடந்த ஒரு சோதனையில் பெருகிய டயாட்டம்களில் பாதிக்குக் குறையாமல் 1,000 மீட்டருக்குக் கீழே மூழ்கின. அதை நம்பி 2009இல் இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து, எஸ். டபிள்யூ. ஏ. நக்வியும் விக்டர் ஸ்மெட்டாசெக்கும் தலைமை ஏற்க, தென் அட்லாண்டிக்கில் 300 சதுர கிலோமீட்டரில் லோஹஃபெக்ஸ் சோதனையை நடத்தின. மிதவைத் தாவரம் பெருகியது. ஆனால் அந்த நீரில் சிலிக்கா தீர்ந்திருந்ததால் ஓடுள்ள டயாட்டம்கள் வளரவில்லை. வளர்ந்த மெல்லுடல் வகைகளைச் சிறு ஓட்டுடலிகள் மேய்ந்துவிட்டன. கீழே போன கார்பன் மிகச் சொற்பம். மேலே பச்சை படர்ந்ததைச் செயற்கைக்கோள் படத்தில் காட்டிக் கார்பன் கணக்கு எழுதினால் அது பொய்க் கணக்கு. எந்த இனம் வளர்ந்தது, எதை ஒட்டிக்கொண்டு இறங்கியது, எந்த ஆழத்தில் எந்த நுண்ணுயிர் அதைத் தின்றது என்பதுவரை அளந்தால்தான் கணக்கு முடியும்.

2021இல் மத்திய அரசு 4,077 கோடி ரூபாயில் ஆழ்கடல் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மூவரை 6,000 மீட்டருக்கு இறக்கும் மத்ஸ்யா 6000 ஊர்தி, சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவாகிறது. பெருமைப்பட வேண்டிய வேலை. அடித்தரையில் கிடக்கும் உலோக உருண்டைகளை எடுப்பதில் இருக்கும் அக்கறையில் சிறு பங்காவது அவற்றின் மேல் விழுந்துகொண்டிருக்கும் கடல்பனிமீதும் இருக்கட்டும். 1986இல் அரபிக் கடலில் தொடங்கியதைப் போன்ற வண்டல் பொறிகளும், அழுத்தம் குறையாமல் நீரெடுக்கும் கருவிகளும் வங்காள விரிகுடாவில் இடைவெளியின்றி, குறைந்தது இருபது முப்பது ஆண்டுகள் நிற்க வேண்டும். மேற்பரப்பு சூடாகி வருகிறது, ஆறுகளின் வண்டல் அணைகளில் நிற்கிறது. இவற்றின் விளைவு ஆழத்தில் என்ன என்று பிறகு கேட்டால், அளவீடு இல்லாமல் பதில் சொல்ல முடியாது. அந்த அளவீட்டுக்கான நிதியை இந்தத் திட்டத்திலேயே ஒதுக்க வேண்டும்.